29 வயதில் 54 ஹோம் ரன்: உதிரி வீரரின் திடீர் எழுச்சியை நம்பலாமா? எப்படி எடைபோடுகிறார்கள்?

ஆறு சீசன் ஆடியும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு பேஸ்பால் வீரர். ஒரு சீசனில் 16 ஹோம் ரன்னுக்கு மேல் அடித்ததே இல்லை. திடீரென்று ஏழாவது சீசனில் 54 ஹோம் ரன்! அந்த ஆண்டு இரண்டாம் இடத்தில் இருந்த ஆல்பர்ட் புஹோல்ஸ் அடித்ததே 42தான்.

2010-ம் ஆண்டு, கனடாவின் டொராண்டோ புளூ ஜேஸ் அணிக்காக ஹோசே பாட்டிஸ்டா நடத்திக் காட்டியது இது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனா அணி நிர்வாகத்துக்கு அது தலைவலியாகவும் இருந்தது. இது நிஜமான வளர்ச்சியா, இல்லை ஒரு வருட அதிர்ஷ்டமா? நிஜம் என்று நம்பி பல கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, மறுவருடமே பழைய ஆளாகிவிட்டால்? அதிர்ஷ்டம் என்று நினைத்து விட்டுவிட்டு, அவர் வேறு அணிக்குப் போய் வெளுத்து வாங்கினால்?

ஓரங்கட்டப்பட்ட ஒரு வீரர் தாமதமாக ஜொலிக்கும்போது அதை எப்படி மதிப்பிடுவது? எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது? பாட்டிஸ்டாவின் கதையை வைத்தே விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஹோசே பாட்டிஸ்டா?

டொமினிக்கன் குடியரசின் தலைநகர் சாண்டோ டொமிங்கோவில் 1980-ல் பிறந்தவர். 2000-ம் ஆண்டு டிராஃப்டில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரை 20-வது சுற்றில் எடுத்தது. அதாவது, பல நூறு பேரை எடுத்து முடித்த பிறகு அவர் பெயர் வந்தது.

2003 டிசம்பரில் 'ரூல் 5' என்ற விதியின் கீழ் பால்டிமோர் அணி அவரைத் தூக்கியது. இந்த விதிப்படி எடுக்கப்பட்ட வீரரை அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். மைனர் லீக்குக்கு அனுப்ப முடிவு செய்தால் முதலில் மற்ற அணிகளுக்கும், பிறகு பழைய அணிக்கும் வாய்ப்பு தர வேண்டும். விளைவு? மைனர் லீக்கில் தினமும் ஆடிப் பழக வேண்டிய 23 வயதில் அவர் மேஜர் லீக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

2004 சீசனில் மட்டும் பால்டிமோர், டாம்பா பே, கன்சாஸ் சிட்டி, பிட்ஸ்பர்க் என நான்கு அணிகளுக்கு ஆடினார். நடுவில் நியூயார்க் மெட்ஸ் அவரை வாங்கி, ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் பிட்ஸ்பர்க்குக்கே கைமாற்றியது. அந்த வருடம் அவர் அடித்த ஹோம் ரன்: பூஜ்யம்.

பிறகு பிட்ஸ்பர்க்கில் 2006-ல் 16, 2007-ல் 15 ஹோம் ரன். மோசமில்லை, ஆனா யாரும் தலை திருப்பிப் பார்க்கும் அளவுக்கும் இல்லை. 2008 ஆகஸ்டில் டொராண்டோவுக்கு விற்கப்பட்டார். பதிலுக்கு பிட்ஸ்பர்க்குக்குக் கிடைத்தவர் ராபின்சன் டியாஸ் என்ற கேட்சர். பெயர் கேட்டால் தீவிர ரசிகர்களுக்கே சட்டென்று ஞாபகம் வராது.

2010 சீசன் தொடங்கும்போது பாட்டிஸ்டாவின் மொத்தக் கணக்கு 59 ஹோம் ரன். சுமார் 2,000 முறை பேட் பிடித்து அடித்தவை இவை. நூறு வாய்ப்புக்கு சுமார் 3. அதே மனிதர் 2010-ல் நூறு வாய்ப்புக்கு ஏறக்குறைய 8 அடித்தார்.

ஹோம் ரன் அவ்வளவு பெரிய விஷயமா?

கிரிக்கெட் சிக்ஸரோடு ஒப்பிட்டால் ஓரளவு புரியும். பந்து எல்லைச் சுவரைத் தாண்டிப் போனால் ஹோம் ரன். ஆனா சிக்ஸரைவிட அரிதானது. ஒரு பேட்டருக்கு ஒரு ஆட்டத்தில் நான்கு முறைதான் வாய்ப்பு வரும். சில நாள் ஐந்து. 2010-ல் மொத்த லீக்கின் சராசரி நூறு வாய்ப்புக்கு 2.5 ஹோம் ரன்.

சீசனுக்கு 162 ஆட்டம். எல்லா ஆட்டமும் ஆடுகிறவருக்கு 650 முதல் 700 வாய்ப்பு கிடைக்கும். கேட்க நிறைய மாதிரி தெரியும். ஆனா ஹோம் ரன் மாதிரி அரிதான விஷயத்தை அளக்க இந்த எண்ணிக்கையே சில நேரம் போதாது. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சில வார ஆட்டத்தை நம்பினால் என்ன ஆகும்?

டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் கிறிஸ் ஷெல்டன் இதற்கு நல்ல உதாரணம். 2006 சீசன் தொடங்கியதும் முதல் 13 ஆட்டத்தில் 9 ஹோம் ரன் அடித்தார். ஏப்ரல் முடியும்போது 10. அமெரிக்கா முழுக்க அவர் பேச்சுதான்.

அதற்குப் பிறகு அந்த சீசனில் அவர் அடித்தது வெறும் 6. ஜூலை கடைசியில் டைகர்ஸ் அணி வேறொரு ஃபர்ஸ்ட் பேஸ்மேனை வாங்கிவிட்டு ஷெல்டனை மைனர் லீக்குக்கு அனுப்பியது. அந்த ஏப்ரல் மாதம் அவர் வாழ்க்கையில் திரும்ப வரவே இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது? இரண்டு காரணம். முதலாவது, சாதாரண அதிர்ஷ்டம். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எட்டு முறை தலை விழலாம்; அதற்காக நாணயத்தில் கோளாறு என்று சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான பேட்டர்கள் ஆடும் லீக்கில் எல்லா மாதமும் யாரோ ஒருவருக்கு இப்படி எட்டு தலை விழத்தான் செய்யும்.

இரண்டாவது, எதிரணி சும்மா இருக்காது. எந்தப் பந்தை இவர் அடிக்கிறார், எதில் தடுமாறுகிறார் என்று வீடியோ பார்த்து, பிட்சர்கள் பந்து போடும் விதத்தை மாற்றுவார்கள். அந்த மாற்றத்துக்கு பேட்டர் என்ன பதில் தருகிறார் என்பதுதான் நிஜமான பரீட்சை.

எந்த எண் சீக்கிரம் உண்மை பேசும்?

எல்லாப் புள்ளிவிவரமும் ஒரே வேகத்தில் நம்பகமாவதில்லை. ரஸ்ஸல் கார்ல்டன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார். அவருடைய கணக்குகளின் சாரம் இதுதான்:

• ஸ்ட்ரைக் அவுட் விகிதம்: சுமார் 60 வாய்ப்பிலேயே ஓரளவு உருவம் தெரியும்.
• வாக் விகிதம் (மோசமான பந்துகளை விட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போவது): சுமார் 120 வாய்ப்பு.
• ஹோம் ரன் விகிதம்: சுமார் 170 வாய்ப்பு.
• பேட்டிங் சராசரி: 900-க்கும் மேற்பட்ட வாய்ப்பு. அதாவது ஒரு முழு சீசனே போதாது!

இந்த எண்ணைத் தொட்டதும் விஷயம் உறுதியாகிவிடும் என்று அர்த்தம் இல்லை. 'இதில் பாதி திறமை, பாதி அதிர்ஷ்டம்' என்று சொல்லக்கூடிய இடம் அது. அதற்கு முன்னால் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம், பின்னால் திறமையின் பங்கு அதிகம். அவ்வளவுதான்.

பேட்டிங் சராசரி ஏன் இவ்வளவு தாமதம்? மைதானத்துக்குள் விழும் பந்து ஃபீல்டர் கையில் போகிறதா, இரண்டு பேருக்கு நடுவில் விழுகிறதா என்பது பேட்டர் கையில் முழுசாக இல்லை. லீக் முழுக்கப் பார்த்தால் இப்படி உள்ளே விழும் பந்துகளில் சுமார் 30 சதவீதம்தான் ஹிட் ஆகும். ஒருவர் இப்படி 400 பந்து அடிக்கிறார் என்று வையுங்கள். 30 சதவீதத்துக்கும் 27 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 12 ஹிட். ஆறு மாத சீசனில் இரண்டு வாரத்துக்கு ஒன்று! அது விழுந்தால் 'ஃபார்மில் இருக்கிறார்', விழாவிட்டால் 'சொதப்புகிறார்'.

ஆகவே, ஒரு உதிரி வீரரின் பேட்டிங் சராசரி மட்டும் எகிறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஸ்ட்ரைக் அவுட் குறைந்து, வாக் கூடி, பந்து தூரம் போக ஆரம்பித்திருந்தால் கவனிக்க வேண்டும்.

பாட்டிஸ்டா கணக்கில் என்ன தெரிந்தது?

2009-ல் அவர் 21 சதவீத வாய்ப்புகளில் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். 2010-ல் அது 17 சதவீதம். பொதுவாகப் பெரிய ஷாட்டுக்குப் போகிறவர்கள் பந்தைத் தவறவிடுவதும் கூடும். இவருக்கு நேர் எதிராக நடந்தது. வாக் எண்ணிக்கையும் சரியாக 100-ஐத் தொட்டது.

இன்னொரு ஆச்சரியம்: அவருடைய பேட்டிங் சராசரி வெறும் 0.260. மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் 23 சதவீதம்தான் ஹிட் ஆனது. உயரமாக அடிக்கிறவர்களுக்கு இது குறைவாகவே இருக்கும் என்றாலும், அதிர்ஷ்டம் அவர் பக்கம் அள்ளிக் கொட்டியது என்று சொல்லவே முடியாது.

காலவரிசையும் முக்கியம். 2009 செப்டம்பர் தொடங்கி அந்த சீசன் முடிவதற்குள் அவர் 10 ஹோம் ரன் அடித்திருந்தார். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2010-ல் ஆல் ஸ்டார் இடைவேளைக்கு முன் 24, அதற்குப் பிறகு 30. அதாவது பிட்சர்கள் அவரைப் படித்து முடித்த பிறகு இன்னும் அதிகமாக அடித்தார். 50-வது ஹோம் ரன், அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சர் விருது பெற்ற ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் பந்தில் வந்தது. அந்த ஆட்டத்தில் டொராண்டோ 1-0 என்று ஜெயித்தது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். 54-ல் 33 ஹோம் ரன் சொந்த மைதானத்தில் அடித்தவை. அந்த ஆண்டு டொராண்டோ அணியே மொத்தம் 257 ஹோம் ரன்னோடு லீக்கில் முதலிடம். எல்லோரும் உயரமாக அடி என்ற கொள்கையோடு ஆடிய அணி அது. மைதானத்தின் உதவியும் அணியின் பாணியும் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனா வெளி மைதானங்களில் அடித்த 21 மட்டுமே அவருடைய முந்தைய எந்த முழு சீசனையும்விட அதிகம்.

உண்மையில் என்ன மாறியது?

எண் மாறினால் மட்டும் போதாது, மாறியதற்கு ஒரு காரணம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டருக்கும் இடையே சுமார் 18 மீட்டர். வேகப்பந்து வந்து சேர சுமார் 0.4 விநாடி. பாட்டிஸ்டாவின் பழைய பிரச்சனை, அவர் கை தாமதமாகக் கிளம்புவது. பந்து உடம்புக்கு அருகில் வந்த பிறகுதான் பேட் போய்ச் சேரும். பலம் இருந்தும் பந்து தூரம் போகாது.

2009-ல் டொராண்டோ மேனேஜர் சிட்டோ காஸ்டனும், பிறகு பேட்டிங் பயிற்சியாளரான டுவைன் மர்ஃபியும் அவரிடம் சொன்னது ஒரே விஷயம்: சீக்கிரம் ஆரம்பி. 'ரொம்ப சீக்கிரம்' என்று தோன்றும் அளவுக்கு முன்னாடியே அசைவைத் தொடங்கு. இடது காலை உயரத் தூக்கி வைக்கும் 'லெக் கிக்' அந்த நேரக் கணக்கோடு சேர்ந்துகொண்டது. பேட் சீக்கிரம் வந்ததால் பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்தித்து, இடது பக்கம் இழுத்து அடிக்க முடிந்தது. 2010-ல் அவர் அடித்த ஹோம் ரன்கள் ஏறக்குறைய எல்லாமே இடது பக்கச் சுவரைத் தாண்டியவைதான். அவர் அடித்த பந்துகளில் பாதிக்கும் மேல் உயரமாகப் பறந்தன.

இன்னொரு விஷயத்தையும் மறக்கக்கூடாது: வாய்ப்பு. 2009 ஆகஸ்டில் அலெக்ஸ் ரியோஸ் என்ற முக்கிய வீரரை டொராண்டோ விட்டுக்கொடுத்தது. அந்த இடம் காலியானது. தினமும் ஆட இடம் கிடைத்ததும் பாட்டிஸ்டா புது ஸ்விங்கை நிஜ பிட்சர்களிடம் பழகிப் பார்க்க முடிந்தது. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடுகிறவர் ஸ்விங்கை மாற்றினால் முதல் சறுக்கலிலேயே பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்.

ஊக்கமருந்து பயன்படுத்தினாரா என்ற கேள்வியும் 2010-ல் எழுந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டு பேஸ்பால் வரலாறு அப்படி. பாட்டிஸ்டா திட்டவட்டமாக மறுத்தார். ஊக்கமருந்து விதியின் கீழ் அவர் மீது ஒருபோதும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

எளிய கணக்கு என்ன சொன்னது?

பேஸ்பாலில் 'மார்செல்' என்று ஒரு கணிப்பு முறை உண்டு. டாம் டாங்கோ என்ற ஆய்வாளர் உருவாக்கியது. 'ஃப்ரெண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் வரும் குரங்கின் பெயர் அது. குரங்குகூடப் போடக்கூடிய எளிமையான கணக்கு என்பது அதில் உள்ள கிண்டல். கடைசி வருடத்துக்கு 5 மடங்கு, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3 மடங்கு முக்கியத்துவம். அதோடு எல்லோருக்கும் 1,200 வாய்ப்பு லீக் சராசரியைக் கலந்துவிட வேண்டும். வயதுக்கு ஒரு சிறு திருத்தமும் உண்டு; இங்கே அதை விட்டுவிடலாம்.

2010 முடிந்ததும் பாட்டிஸ்டாவுக்கு இதைப் போட்டுப் பார்த்தால்:

• 2010: சுமார் 680 வாய்ப்பு, 54 ஹோம் ரன். 5 மடங்கு: 3,400 வாய்ப்பு, 270 ஹோம் ரன்.
• 2009: சுமார் 400 வாய்ப்பு, 13 ஹோம் ரன். 4 மடங்கு: 1,600 வாய்ப்பு, 52 ஹோம் ரன்.
• 2008: சுமார் 420 வாய்ப்பு, 15 ஹோம் ரன். 3 மடங்கு: 1,260 வாய்ப்பு, 45 ஹோம் ரன்.
• லீக் சராசரி: 1,200 வாய்ப்பு, 30 ஹோம் ரன்.

மொத்தம் 7,460 வாய்ப்புக்கு 397 ஹோம் ரன். நூற்றுக்கு 5.3. அடுத்த சீசனில் 650 வாய்ப்பு கிடைத்தால் சுமார் 35 ஹோம் ரன்.

இதைக் கவனியுங்கள். இந்தக் கணக்குக்கு லெக் கிக் தெரியாது, சிட்டோ காஸ்டன் தெரியாது. பழைய 'உதிரி வீரர்' முத்திரையையும் முழுசாகச் சேர்த்துக்கொண்டு, லீக் சராசரியையும் கலந்து, மிக ஜாக்கிரதையாகக் கணித்தாலும் 35 வருகிறது. பழைய 15 அல்ல. ஒரு முழு சீசன் ஒருவரைப் பற்றிய மதிப்பீட்டை அந்த அளவுக்கு நகர்த்தும். அதே நேரம், 54-ஐ அப்படியே எதிர்பார்ப்பதும் தவறு.

2011-ல் நிஜமாக நடந்தது: 43 ஹோம் ரன், மறுபடியும் லீக்கில் முதலிடம். வாக் 132. சராசரி 0.302. கணக்கு 8 குறைவாகச் சொல்லியிருந்தது.

அப்போ முழு சீசன் ஆடிவிட்டால் நம்பிவிடலாமா?

அவசரப்படக்கூடாது. இதே கணக்கை பால்டிமோரின் பிரேடி ஆண்டர்சனுக்குப் போட்டுப் பார்க்கலாம். அவர் உதிரி வீரர் அல்ல, நிலையான இடம் பிடித்தவர். ஆனா பெரிய ஹோம் ரன் ஆள் இல்லை. 1994-ல் 12, 1995-ல் 16. 32 வயதில், 1996-ல் திடீரென்று 50!

மார்செல் பாணியில் கணக்கிட்டால் 1997-க்கு சுமார் 28 வரும். அவர் அடித்தது 18. அதற்கடுத்த வருடமும் 18. ஒரு சீசனில் 24-ஐ அவர் மறுபடி தாண்டவே இல்லை.

ஒரே கணக்கு. ஒருவருக்கு 8 குறைவாகச் சொன்னது, இன்னொருவருக்கு 10 அதிகமாகச் சொன்னது. கணக்கு தப்பா? இல்லை. இருவரையும் சேர்த்துப் பார்த்தால் அது நடுவில் நிற்கிறது. 'இப்படித் திடீரென எழுந்தவர்கள் சராசரியாக எங்கே போய் நிற்பார்கள்' என்பதைத்தான் அது சொல்லும். குறிப்பிட்ட இந்த ஆள் அந்த நடுக்கோட்டுக்கு மேலே போவாரா, கீழே வருவாரா என்பதைச் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்விங்கில் வந்த மாற்றம், ஸ்ட்ரைக் அவுட், வாக், சீசனின் இரண்டாம் பாதி எல்லாம் தேவைப்படுகிறது. அவையும் பந்தயத்தின் சாதக நிலையை மாற்றுமே தவிர, உத்தரவாதம் தராது.

65 மில்லியன் டாலர் முடிவு

2011 பிப்ரவரி. பாட்டிஸ்டாவுக்கு 30 வயது ஆகியிருந்தது. முந்தைய ஆண்டு அவர் சம்பளம் 2.4 மில்லியன் டாலர். இன்னும் ஒரு சீசன் ஆடினால் எந்த அணிக்கும் போகலாம் என்ற உரிமை வந்துவிடும்.

பொது மேலாளர் அலெக்ஸ் ஆன்தோபோலஸ் முன்னால் இரண்டு வழி. ஒன்று, இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பது. மறுபடி 40 அடித்தால் நிஜம் என்று உறுதியாகும், ஆனா விலை எங்கேயோ போய்விடும். இரண்டு, ஒரு சீசனை மட்டும் நம்பி இப்போதே நீண்ட ஒப்பந்தம் போடுவது. பெரும்பாலான பேட்டர்களின் உச்சம் முப்பதுக்கு முன்னாலேயே வந்து போய்விடும் என்பதால் இது துணிச்சலான காரியம்.

அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 5 ஆண்டு, 65 மில்லியன் டாலர். அப்போது பலர் புருவம் உயர்த்தினார்கள். அந்த ஐந்து ஆண்டில் பாட்டிஸ்டா அடித்தது 43, 27, 28, 35, 40. மொத்தம் 173 ஹோம் ரன். 2012-ல் மணிக்கட்டு காயத்தால் பாதி சீசன் போனதையும் சேர்த்துத்தான் இது. ஒப்பந்தத்தில் இருந்த ஆறாவது வருட விருப்பத்தையும் அணி பயன்படுத்திக்கொண்டது.

யோசித்துப் பார்த்தால், இந்த ஒப்பந்தத்துக்கு பாட்டிஸ்டா மறுபடியும் 54 அடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த ஜாக்கிரதையான 35-ஐ ஒட்டி ஆடினாலே போதும். 'உச்சத்துக்கு விலை கொடுக்காதே, எதிர்பார்ப்புக்கு விலை கொடு' என்று சொல்வது இதைத்தான்.

பாட்டிஸ்டா மட்டும்தானா?

இல்லை. அவருக்குப் பிறகு இப்படிப் பலர் வந்தார்கள்.

ஜே.டி. மார்டினெஸ்: 2013-ல் ஹூஸ்டன் அணியில் 7 ஹோம் ரன். அந்தக் குளிர்காலத்தில் தனியார் பயிற்சியாளர்களிடம் போய் ஸ்விங்கை அடியோடு மாற்றினார். 2014 மார்ச்சில் ஹூஸ்டன் அவரைக் கழற்றிவிட்டது. டெட்ராய்ட் எடுத்தது. அந்த ஆண்டே 23 ஹோம் ரன், 0.315 சராசரி. 2015-ல் 38. 2017-ல் 45. மாற்றத்தை நேரில் வைத்திருந்த அணியே அதை எடைபோடத் தவறியதற்கு இது பாடம்.

ஜஸ்டின் டர்னர்: 2013 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் விட்டுவிட்டது. மைனர் லீக் ஒப்பந்தத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் சேர்த்துக்கொண்டது. 2014-ல் சராசரி 0.340. ஆனா மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் 40 சதவீதம் ஹிட் ஆகியிருந்தது. இது யாருக்கும் நிலைக்காத எண். 'அதிர்ஷ்டம்' என்று பலர் சொன்னது பாதி சரி. அடுத்த வருடம் சராசரி 0.294-க்கு இறங்கியது. ஆனா ஹோம் ரன் 7-லிருந்து 16-க்குப் போனது, அதற்கடுத்து 27. அதிர்ஷ்டப் பகுதி கழிந்து, ஸ்விங் மாற்றத்தின் பலன் தங்கிவிட்டது. ஒரே எழுச்சியில் இரண்டும் கலந்திருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மேக்ஸ் மன்சி: ஓக்லாந்தில் இரண்டு சீசனில் 96 ஆட்டம், 5 ஹோம் ரன், 0.195 சராசரி. 2017-ல் விடுவிக்கப்பட்டார். டாட்ஜர்ஸ் அவரை ஒரு வருடம் முழுக்க மைனர் லீக்கில் வைத்தது. 2018-ல் மேலே வந்து 35 ஹோம் ரன். அந்த ஆண்டு உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தை 18-வது இன்னிங்ஸில் முடித்துவைத்த ஹோம் ரன்னும் அவருடையதுதான். அடுத்த ஆண்டும் சரியாக 35.

இந்தப் பட்டியலைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. ஸ்விங்கை மாற்றியும் எதுவும் நடக்காமல் வீட்டுக்குப் போனவர்கள் இதைவிடப் பல மடங்கு. அவர்கள் பெயர் செய்திகளில் வராது. ஜெயித்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லா எழுச்சியும் நிஜம் போலவே தெரியும்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதா?

நிறையவே. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் 'ஸ்டாட்காஸ்ட்' கருவிகள் இருக்கின்றன. பேட்டில் பட்ட பந்து என்ன வேகத்தில், என்ன கோணத்தில் கிளம்பியது என்பது ஒவ்வொரு அடிக்கும் பதிவாகிறது. மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் 'பலமான அடி' என்று கணக்கு. 2024 முதல் பேட் சுழலும் வேகமும் வெளியிடப்படுகிறது.

இதனால் என்ன லாபம்? முன்பு ஹோம் ரன் விழுந்த பிறகுதான் தெரியும். இப்போது ஃபீல்டர் பிடித்துவிட்ட பந்துகூட எவ்வளவு பலமாக அடிக்கப்பட்டது என்று தெரிகிறது. ஒருவர் முன்பு எட்டாத வேகத்தை இப்போது எட்டுகிறார் என்றால், அது அதிர்ஷ்டத்தில் வரக்கூடியது அல்ல. உடம்போ ஸ்விங்கோ மாறியிருக்கிறது. மாறாக, அதே பழைய வேகத்தில் அடித்த பந்துகள் சுவரை ஒட்டித் தாண்டி விழுந்திருந்தால், அடுத்த வருடம் அவை ஃபீல்டர் கையில் விழலாம்.

அடுத்த முறை யாராவது திடீரென எழுந்தால்: கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எத்தனை வாய்ப்பில் இது நடந்தது? 60 வாய்ப்பா, 600 வாய்ப்பா?

2. எந்த எண் மாறியது? சராசரி மட்டுமா, ஸ்ட்ரைக் அவுட், வாக், அடியின் பலம் ஆகியவையுமா?

3. மாற்றத்துக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறதா? ஸ்விங், உடற்தகுதி, காயத்திலிருந்து மீண்டது, தினமும் ஆடும் வாய்ப்பு: இதில் ஏதாவது ஒன்று? அந்த மாற்றம் நடந்த தேதிக்குப் பிறகுதான் எண்களும் மாறினவா?

4. பிட்சர்கள் தங்கள் முறையை மாற்றிய பிறகும் தாக்குப்பிடித்தாரா? சீசனின் இரண்டாம் பாதி என்ன சொல்கிறது?

5. பழைய வருடங்களையும் லீக் சராசரியையும் கலந்து கணக்கிட்டால் என்ன எண் வருகிறது? அந்த எண்ணுக்கே அவர் உபயோகமான வீரரா?

ஐந்தாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், மற்ற நான்கில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் துணிந்து இறங்கலாம். 'இல்லை' என்றால், அந்த நான்கும் மிக வலுவாக இருக்க வேண்டும்.

பாட்டிஸ்டா 2018-ல் கடைசியாக மேஜர் லீக்கில் ஆடினார். மொத்த ஹோம் ரன் 344. அதில் 285, அவரை உதிரி வீரர் என்று எல்லோரும் முடிவு கட்டிய பிறகு அடித்தவை. 2023 ஆகஸ்டில் டொராண்டோ அணி அவர் பெயரைத் தன் மைதானத்தின் கௌரவப் பட்டியலில் சேர்த்தது.